கரையில் காத்திருக்கும் நான்கு வாரங்கள்: திருவருகைக் காலம் என்றால் என்ன?

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். தையல் கடைகளில் இனிமேல் துணி வாங்குவதில்லை என்று கைவிரித்துவிடுவார்கள். கேக்குக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பங்குக் கோவிலின் பாடகர் குழு இரவில் கிறிஸ்மஸ் பாடல்களோடு தெருத்தெருவாகக் கிளம்பிவிடும். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குள் போய்ப் பாருங்கள். பீடத்தில் ஊதா விரிப்பு. குருவானவரின் மேலுடையும் ஊதா. பூ அலங்காரம் குறைந்திருக்கும். மற்ற ஞாயிறுகளில் முழங்கும் 'உன்னதங்களிலே' கீதம் இல்லை. பச்சை இலைகள் சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள் நிற்க, அவற்றில் ஒன்று மட்டும் எரியும்.

நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஒருமுறை நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், வெளியே எல்லா இடத்துக்கும் கிறிஸ்மஸ் வந்துவிட்டது. கோவிலுக்குள் மட்டும் ஏன் இன்னும் வரவில்லை?" அன்று அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவராகப் பிறந்தும் இந்தக் காலத்தைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களுக்கும், அக்கம்பக்கத்தில் பார்த்து இது என்ன என்று யோசித்தவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய நாட்களுக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். 'அட்வென்டுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். கத்தோலிக்கர் 'திருவருகைக் காலம்' என்பதை, லுத்தரன் சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் 'அட்வெந்து' என்று சொல்லக் கேட்கலாம். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. ஆகவே நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த நாளிலும் இது தொடங்கலாம். 2022இல் நவம்பர் 27 அன்று தொடங்கி 28 நாட்கள் நீண்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 3 அன்று தொடங்கி 22 நாட்களில் முடிந்துவிட்டது. அந்த 2023ஆம் ஆண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பலர் அறியாத ஒன்று: திருச்சபைக்கு ஆண்டு பிறப்பது ஜனவரி முதல் தேதியில் இல்லை, இந்த முதல் ஞாயிற்றில்தான். கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கொரு நற்செய்தி. அந்த மாற்றமும் அன்றுதான் நடக்கும். திருச்சபை தன் புத்தாண்டைக் காத்திருப்பில் தொடங்குகிறது என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

யாருக்காகக் காத்திருப்பது?

இயேசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டாரே, அவர் இன்னும் பிறக்கவில்லை என்பதுபோல ஆண்டுதோறும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. இந்தக் காலத்தில் நினைக்கப்படும் வருகை ஒன்று மட்டும் இல்லை. பெத்லகேமில் குழந்தையாக வந்தது முதலாவது. காலத்தின் முடிவில் மாட்சியோடு மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்கிறோமே, அது இன்னொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ புனித பெர்நார்து இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வருகையைச் சொன்னார்: யாரும் பார்க்காமல், ஓசையில்லாமல், ஒவ்வொருவர் உள்ளத்துக்குள்ளும் இன்று நடப்பது. பரபரப்பில் நாம் தவறவிடுவது பெரும்பாலும் அந்த நடு வருகையைத்தான்.

அதனால்தான் முதல் ஞாயிற்றின் நற்செய்தியில் தொழுவமும் இடையர்களும் வருவதில்லை. விழிப்பாயிருங்கள் என்ற எச்சரிக்கைதான் வரும். கிறிஸ்மஸ் மனநிலையோடு வருகிறவர்களுக்கு அது சற்று அதிர்ச்சியாக இருக்கும். வடசென்னைக்காரர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டைப் பார்த்து யாரும் ஒடுங்கி உட்கார்ந்துவிடுவதில்லை. படகைக் கரைக்கு இழுத்துக் கட்டுகிறார்கள், வலையை மேட்டில் வைக்கிறார்கள், கடலில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். முதல் ஞாயிற்று நற்செய்தி திருச்சபை ஏற்றும் கூண்டு. நம்மை அச்சுறுத்துவது அதன் வேலை இல்லை. எழுப்பிவிடுவதுதான்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று எண்ணிவிடக் கூடாது. காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போனால் பல நாள் கழித்தே திரும்பும். கரையிலிருக்கும் பெண்கள் அதுவரை கைகட்டி நிற்பதில்லை. கூடைகளைக் கழுவி வைப்பார்கள், ஐஸுக்குச் சொல்லி வைப்பார்கள், ஏலத்தில் மீன் எடுக்கக் காசைப் புரட்டி வைப்பார்கள். கை வேலையில் இருக்கும், காது மட்டும் கடல் பக்கம் இருக்கும். திருவருகைக் காலத்தின் காத்திருப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன். நம் அகப்பாடல் மரபு காத்திருப்பதற்கென்றே ஒரு திணையை ஒதுக்கி வைத்திருக்கிறது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பொழுது, கார்காலத்து மாலை. மழைக்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தலைவன் போயிருக்கிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி அவன் சொல்லை நம்பி ஆற்றியிருக்கிறாள். கடற்கரை நிலமான நெய்தலுக்கோ உரிப்பொருள் இரங்கல். பிரிவு அதேதான், ஆனால் அங்கே மனம் தாங்காமல் புலம்புகிறது. நெய்தல் நிலத்தில் குடியிருக்கும் நாம் இந்த நான்கு வாரங்களில் முல்லையின் ஒழுக்கத்தைப் பழகுகிறோம் என்று வகுப்பில் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. மழைக்காலமும் மாலை விளக்கும் வாக்களித்தவரின் வரவும் இங்கேயும் உண்டு. புலம்பலுக்கும் இடம் இல்லாமல் இல்லை. நாடிழந்து அடிமைப்பட்ட இஸ்ரயேல் மக்கள் 'வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா' என்று அழுத குரல் எசாயா நூலிலிருந்து இந்தக் காலத்தில் வாசிக்கப்படுகிறது. அழுதுகொண்டும் நம்பலாம்.

வளையமும் மெழுகுவத்தியும்

இந்தக் காலம் ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்மஸ்வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தின் சாயல் இதில் இருப்பதும், ஊதா நிறமும் அதனால்தான். இன்று கத்தோலிக்கருக்கு இந்த நாட்களில் கட்டாய நோன்பு இல்லை. பெரம்பூர், அயனாவரம் பக்கம் வாழும் கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் இறைச்சியும் மீனும் இல்லாமல் நோன்பிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் கிறிஸ்மஸ் விருந்துக்கு உள்ள ருசியே தனி.

வளையம் மிகப் பின்னால் வந்தது, அதுவும் சீர்திருத்த சபையிலிருந்து. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. நாளுக்கொன்றாக ஏற்றினார்கள். இன்று நாம் நான்கோடு நிறுத்திக்கொள்கிறோம். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு மட்டும் ரோஜா நிறம். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று அவற்றுக்குப் பெயர் சொல்வதுண்டு. சபைக்குச் சபை பெயரும் வரிசையும் மாறும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுமையில்லாத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது இந்த வளையம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எரியாத மெழுகுவத்திகளையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் பயன்.

மூன்றாம் ஞாயிறு

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள் என்று பாலைநிலத்தில் குரல் கொடுத்தவர். லூக்கா வாசிக்கப்படும் ஆண்டில் மூன்றாம் ஞாயிற்றுக்கு வரும் பகுதியை நான் மிகவும் நேசிக்கிறேன். மனம் மாறுங்கள் என்று யோவான் முழங்கியதும் கூட்டம் கேட்கிறது: அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பாலைநிலத்துக்கு வந்துவிடுங்கள், என்னைப்போல் வெட்டுக்கிளி தின்று வாழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும்; உணவு வைத்திருப்பவரும் அப்படியே. வரி வசூலிப்பவரே, குறித்ததற்கு மேல் வாங்காதீர். படைவீரரே, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர், சம்பளம் போதும் என்றிரும். அவ்வளவுதான். அவரவர் வேலையில், அவரவர் தெருவில், நாளை காலையே செய்யக்கூடியவை.

மத்தேயு ஆண்டில் அதே யோவான் சிறையில் கிடக்கிறார். வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். இவர்தான் அவர் என்று இயேசுவை விரல் நீட்டிக் காட்டியவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் பெற்று ரோஜா நிற மெழுகுவத்தி எரியும் அதே நாளில் இந்த வாசகத்தை வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டு, எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரிய, தன் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருக்கும் ஒருவருக்கு இந்தக் காலத்தில் இடம் உண்டு என்பதை இதைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்? கேரல் பவனி போகிறவர்களிடம் நான் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மேளத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காருங்கள், ஒரு செபம் சொல்லுங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள்.

மெதுவாக இருப்பது எப்படி?

'இந்தக் காலத்தில் நிதானமாக இருங்கள்' என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு தாய்க்குக் கோபம்கூட வரலாம். அதிகாலையில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கு, இரண்டு வீட்டில் வேலை பார்க்கிறவளுக்கு, பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் மழையும் ஒன்றாக வரும் மாதத்தில் எங்கிருந்து நிதானம் வரும்? மெதுவாக இருக்க ஓய்வுநேரம் தேவை என்றால் அது வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். பெத்லகேமில் இடம் கிடைக்காத ஒரு கர்ப்பிணியைச் சுற்றி அமைந்த காலம் அப்படி இருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த வழி இது: ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையை, ஒன்றே ஒன்றை, இந்த நான்கு வாரமும் அவசரமில்லாமல் செய்வது. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை அப்படி வைத்திருக்கிறோம். சாப்பிட உட்காருமுன் மின்விளக்கை அணைத்துவிட்டு, அந்த வாரத்துக்குரிய மெழுகுவத்தியை ஏற்றுகிறோம். எசாயாவிலிருந்து நான்கைந்து வரி. காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று யாராவது வாசிக்கும்போது அறையும் இருட்டாகத்தான் இருக்கும், விளக்கம் தேவைப்படாது. பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை. முதல் வாரத்தில் அந்த ஒரு நிமிடம் பிள்ளைகளுக்குத் தாங்காது. நான்காவது வாரத்தில் அவர்களே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுவிடும் நேரத்தையும் பயன்படுத்தலாம். இயேசுவின் தாய்மொழியான அரமேயத்தில் ஆதிக் கிறிஸ்தவர்கள் சொன்ன ஒரு சிறு செபம் உண்டு: 'மாரனாத்தா', ஆண்டவரே வாரும். ஒரு மூச்சுக்கு ஒருமுறை சொல்லலாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் அது அப்படியே நிற்கிறது. பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போவதும், பேச்சு நின்றுபோன உறவினரின் வாசலை மிதிப்பதும் இதே காலத்துக்குரிய வேலைகள். பின்னது கடினம். எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

இப்போது 2023. அந்த ஆண்டு டிசம்பர் 3 முதல் ஞாயிறு. வாசிக்கப்பட்டது மாற்கு நற்செய்தி: வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ எப்போது வருவார் என்று தெரியாது, ஆகவே விழித்திருங்கள். மிக்ஜாம் புயல் மழை தொடங்கியிருந்ததால் கோவிலில் ஆட்கள் குறைவு. அன்றிரவு மழை விடவில்லை. மின்சாரம் போய்விட்டது. அந்த நற்செய்தி சொன்ன நான்கு சாமமும் நாங்கள் விழித்தே இருந்தோம். வாசற்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் இருந்த வெளிச்சம் அந்த வளையத்தின் முதல் மெழுகுவத்தி ஒன்றுதான். அது தீர்ந்ததும் இரண்டாவதையும் ஏற்றினோம். விடிந்ததும் மாடி வீட்டு அக்கா எங்களை மேலே கூப்பிட்டுக்கொண்டார். எதிர்வீட்டு பாய் முட்டளவு தண்ணீரில் பெரிய டேக்சா நிறையக் கஞ்சி கொண்டுவந்தார். தண்ணீர் வடியாத நாட்களில் மாற்றுத் துணி இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் என்று யோவான் சொன்னதை அதற்கு முன்பு எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்த வாரம்தான் அதை முழுதாகக் கேட்டேன். அந்த ஆண்டு வளையத்தில் மிச்சமிருந்தவை இரண்டு மெழுகுவத்திகள்தான். அவற்றோடுதான் கிறிஸ்மஸ்வரை போனோம்.

கடைசி எட்டு நாட்கள்

டிசம்பர் 17இலிருந்து காலத்தின் முகம் மாறுகிறது. அதுவரை பேசப்பட்ட இறுதி வருகை பின்னுக்குப் போக, நாசரேத்தும் பெத்லகேமும் முன்னால் வருகின்றன. மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னால், 17 முதல் 23 வரை நாளுக்கொன்றாக ஏழு பழைய விளிப்புகள் உண்டு. ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, கீழ்வானத்து ஒளியே என்று மெசியாவை வெவ்வேறு பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றும் 'வாரும்' என்று முடியும். மார்கழியும் அப்போதுதான் பிறந்திருக்கும். விடியற்காலைத் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், எங்கோ பஜனைச் சத்தம் கேட்கும். ஒரே இருட்டில் இரண்டு வழிபாட்டுக்காரர்கள் எழுந்து நடக்கிறோம். அந்த நேரத்து அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிசம்பர் 18, பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் மரியாவின் பழைய திருநாள். நம் நகரின் தெற்கே பரங்கிமலையின் உச்சியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோவில் அந்த அன்னைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். வளைகாப்பு முடிந்திருக்கும். பழைய வேட்டித் துணிகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். யாரும் உரக்கப் பேசுவதில்லை, ராத்திரி ஒரு முனகல் கேட்டால் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். குழந்தையை ஒரு நாள் முன்னால் வரவழைக்க யாராலும் ஆகாது, வரும்போது தயாராக இருக்க மட்டுமே முடியும். திருவருகைக் காலத்தை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

குடில் வேலையும் அந்த நாட்களில் மும்முரமாகிவிடும். சாக்குத் துணியால் மலை, காகிதத்தால் குகை, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி. சூசை, மரியா, இடையர், ஆடு, மாடு எல்லாரும் வந்து நிற்பார்கள். தீவனத் தொட்டி மட்டும் காலியாக இருக்கும். குழந்தையின் உருவத்தைப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்திருப்போம். அந்த நாட்களில் யாருக்கும் சொல்லாமல் செய்த ஒவ்வொரு நல்ல செயலுக்கும் பிள்ளைகள் ஒரு வைக்கோல் துண்டைத் தொட்டியில் போடலாம். என்ன செய்தாய் என்று நான் கேட்பதில்லை. கேள்வி கேட்ட அந்தச் சிறுமி அந்த ஆண்டு ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்க் குடில் முன்னால் நின்றாள். டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியில் மணி அடித்து, 'உன்னதங்களிலே' மறுபடி ஒலித்து, குருவானவர் குழந்தையைக் கொண்டுவந்து தொட்டியில் கிடத்தியபோது, அவள் தன் தாயின் தோளைப் பிடித்து எம்பிப் பார்த்தாள். வைக்கோல் போதுமா என்றுதான் பார்த்தாளாம்.